சிவில் படிக்கப் போகிறவருக்கு லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா?

தம்பி, உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்டது இதுதான். ஊர் காரைக்குடிப் பக்கம், கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் சிவில் சேர்ந்திருக்கிறீர்கள், விடுதியில் தங்கப் போகிறீர்கள், அப்பா 65,000 ரூபாய் வரை தருகிறார். மாமா "அதே காசுக்கு டெஸ்க்டாப் வாங்கினால் ரெண்டு மடங்கு வேகம்" என்கிறார். நண்பர்கள் "ஆட்டோகேட் ஓடணும்னா கேமிங் லேப்டாப்தான்" என்கிறார்கள். நான் சிவில் முடித்து ஸ்ட்ரக்சுரல் டிசைன் வேலை பார்க்கிறவன், தினமும் நீங்கள் படிக்கப் போகும் அதே மென்பொருள்களில்தான் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன்: லேப்டாப் வாங்குங்கள், ஆனால் கேமிங் லேப்டாப் வேண்டாம், 65,000 ரூபாயையும் இந்த மாதமே செலவழிக்கவும் வேண்டாம். ஐம்பதாயிரத்தை ஒட்டி ஒரு நல்ல சாதாரண லேப்டாப், மீதியை மூன்றாம் வருடத்துக்கு ஒதுக்கி வையுங்கள். ஏன் என்பதுதான் இந்தப் பதில் முழுக்க.

மாமா சொல்வதில் தப்பே இல்லை, அதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். பிராசஸரின் பெயர் ஒன்றாக இருந்தாலும் லேப்டாப்புக்குள் இருப்பது வேறு பொருள். ஐ5-1335யு என்ற லேப்டாப் சிப்பின் அடிப்படை மின் அளவு 15 வாட், டெஸ்க்டாப்பில் வரும் ஐ5-12400க்கு அது 65 வாட். இரண்டையும் கடைக்காரர் "ஐ5" என்றுதான் சொல்வார். கிராபிக்ஸ் கார்டில் இது இன்னும் மோசம்: ஆர்டிஎக்ஸ் 4070 என்ற பெயரில் டெஸ்க்டாப்பில் வருவது 5888 கோர், 12 ஜிபி மெமரி. அதே பெயரில் லேப்டாப்பில் வருவது 4608 கோர், 8 ஜிபி, அதிலும் லேப்டாப் கம்பெனி எத்தனை வாட் விடுகிறது என்பதைப் பொறுத்து வேகம் இன்னும் குறையும். காரணம் சூடுதான். ஒரு இன்ச்சுக்கும் குறைவான தடிமனுக்குள் சின்ன ஃபேன் எவ்வளவு சூட்டைத்தான் வெளியே தள்ளும்? சிப் 95, 100 டிகிரியைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் இது கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு நடக்கும். டெஸ்க்டாப்பில் அந்தத் தொல்லை குறைவு, எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரன்ட் கொடுக்கும் பெட்டி) போனால் அன்றைக்கே வேறு போட்டுக்கொள்ளலாம், ரேம் சேர்க்கலாம். லேப்டாப்பில் மதர்போர்டு போனால் பாதி லேப்டாப் விலையைக் கேட்பார்கள்.

இதெல்லாம் உண்மைதான். ஆனால் மாமா ஒரு மேசையை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார். கணினி வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது வேகத்தை அல்ல, இந்த நான்கு வருடம் நீங்கள் எங்கே உட்கார்ந்து வேலை செய்யப் போகிறீர்கள் என்பதை. விடுதியில் மூன்று பேர், நான்கு பேர் ஓர் அறையில் இருப்பீர்கள். ஆளுக்கு ஒரு குட்டி மேசை கிடைத்தால் பெரிய விஷயம், பல இடங்களில் அதுவும் இருக்காது, கட்டில்தான் மேசை. பிளக் பாயின்ட் ஒன்றோ இரண்டோ, அதில் எல்லோருடைய மொபைல் சார்ஜரும் தொங்கும். டெஸ்க்டாப் என்றால் சிபியு, மானிட்டர், யுபிஎஸ் மூன்றுக்கும் இடம் வேண்டும். யுபிஎஸ் இல்லாமல் வாங்காதீர்கள் என்றுதான் நானே சொல்வேன், ஏனென்றால் சேமிக்காத வரைபடம் கரன்ட் போன ஒரு நொடியில் போய்விடும். சாதாரண 600 விஏ யுபிஎஸ் பத்து, பதினைந்து நிமிடம் தாங்கும், சேமித்துவிட்டு அணைக்க அது போதும், தொடர்ந்து வேலை செய்யப் போதாது. லேப்டாப்புக்கு அதன் பேட்டரியே யுபிஎஸ்.

அப்புறம், பல விடுதிகளில் வருட முடிவில் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். கோயம்புத்தூரிலிருந்து காரைக்குடிக்கு பஸ்ஸில் 24 இன்ச் மானிட்டரையும் சிபியுவையும் ஒவ்வொரு வருடமும் தூக்கிக்கொண்டு போய் வருவதை யோசித்துப் பாருங்கள். சில விடுதிகளில் டெஸ்க்டாப் வைக்கவே அனுமதி கிடையாது, வார்டனிடம் கேட்காமல் எதையும் வாங்க வேண்டாம்.

அறைக்கு வெளியேயும் வேலை இருக்கும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்யும் புராஜெக்ட், லைப்ரரி, செமினார் ஹாலில் உங்கள் பிரசன்டேஷன், சைட் விசிட் முடிந்து வந்து எழுதும் ரிப்போர்ட். ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் மாதிரிப் போட்டிகளில் சாஃப்ட்வேர் பிரிவின் இறுதிச் சுற்று 36 மணி நேரம் விடாமல் நடக்கும், அதற்கு வேறு ஊரில் போய் உட்கார வேண்டும். கடைசி வருடம் பிளேஸ்மென்ட் ஆன்லைன் தேர்வுகளுக்கு கேமரா, மைக் உள்ள கணினி கேட்பார்கள். இன்டர்ன்ஷிப் போகிற சின்ன அலுவலகங்களில் "லேப்டாப் இருக்காப்பா?" என்றுதான் முதல் கேள்வியே வரும். விடுதி மாணவருக்கு டெஸ்க்டாப் எவ்வளவு வேகமாக இருந்தாலும் அந்த வேகம் அறைக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும்.

சரி, கேமிங் லேப்டாப் ஏன் வேண்டாம்? இதில்தான் பசங்க அதிகமாக ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். வரைபடம் வரையும் ஆட்டோகேடும், கட்டிடத்தை முப்பரிமாண மாடலாக உருவாக்கும் ரெவிட்டும் தங்கள் வேலையில் பெரும்பகுதியை பிராசஸரின் ஒரே கோரில்தான் செய்யும். பத்து கோர் இருந்தாலும் ஒன்று ஓடும், மற்றவை பெரும்பாலும் சும்மா இருக்கும். இரண்டு பரிமாண பிளான், செக்‌ஷன், எலிவேஷன் வரைய தனி கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லை, பிராசஸரோடு வரும் கிராபிக்ஸே தாராளம். ஸ்ட்ரக்சுரல் டிசைன் மென்பொருள்களான ஸ்டாட் புரோவிலும் ஈடாப்ஸிலும் கட்டிடத்தைக் கணக்கிடுவது பிராசஸரும் ரேமும். நீங்கள் மூன்றாம் வருடம் செய்யப் போகிற நான்கைந்து மாடிக் கட்டிட மாடலை ஒரு சாதாரண லேப்டாப் மளமளவென்று முடித்துவிடும். தனி கிராபிக்ஸ் கார்டு கேட்பது லூமியான், என்ஸ்கேப், ட்வின்மோஷன் மாதிரி நிஜ வீடு போலப் படம் காட்டும் மென்பொருள்கள். அது ஆர்க்கிடெக்சர் படிக்கிறவர்களுக்கு அன்றாட வேலை. சிவிலில் ஆசைக்காகக் கற்றுக்கொள்ளலாம், பாடத்துக்குத் தேவைப்படாது.

அந்தத் தேவைப்படாத கார்டுக்காக என்னென்ன கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். எடை இரண்டு கிலோவைத் தாண்டும், கூடவே செங்கல் மாதிரி ஓர் அடாப்டர். பேட்டரி வகுப்பில் மூன்று நான்கு மணி நேரம் தாண்டினால் அதிசயம். ஃபேன் சத்தத்தில் லைப்ரரியில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். இந்த விலையில் கிடைக்கும் கேமிங் லேப்டாப்பில் கார்டுக்கே காசு போய்விடுவதால், ரேம் 8 ஜிபி, மங்கலான திரை என்று மற்ற இடங்களில் கை வைத்திருப்பார்கள். உங்களுக்கு வேண்டியது சரியாக அந்த மற்ற இடங்கள்தான்.

விளையாடவும் வேண்டும் என்றால் அப்பாவிடம் அதை நேரடியாகச் சொல்லி வாங்குங்கள், படிப்பின் பெயரைச் சொல்லி வாங்க வேண்டாம்.

இப்போது காலக் கணக்கு. இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. முதல் வருடம் உங்களுக்குக் கணினியில் என்ன வேலை? கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், கொஞ்சம் பைத்தான் புரோகிராமிங். பைத்தானுக்கு எந்தக் கணினியும் போதும், கூகுள் கோலாபில் பிரவுசரிலேயே எழுதலாம். இன்ஜினியரிங் கிராபிக்ஸ் பல கல்லூரிகளில் டிராஃப்டர், ஷீட், பென்சில் வைத்துக் கையால் வரைவதுதான். இரண்டாம் வருடம் சர்வேயிங், ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் என்று போகும். கால்குலேட்டரும் எக்ஸலும் ஓடும், பக்கத்தில் ஆட்டோகேட் பழகுவீர்கள். கணினிக்கு உண்மையான சுமை மூன்றாம் வருடத்தில்தான் வரும். அப்போது தேவைப்படும் வலிமைக்கு இப்போதே முழுக் காசையும் கொட்டினால், இரண்டு வருடம் அது சும்மா கிடந்து, தேவை வரும்போது பேட்டரி தேய்ந்து, வாரன்டியும் முடிந்திருக்கும். பெரும்பாலான லேப்டாப்புகளுக்கு வாரன்டி ஒரு வருடம்தான்.

அதனால்தான் மீதி 15,000 ரூபாயை வைத்திருக்கச் சொன்னேன். மூன்றாம் வருடம் அதில் ஒரு 24 இன்ச் ஐபிஎஸ் மானிட்டர் வாங்குங்கள். விடுதியில் இடமில்லை என்றால் அப்போது வெளியே அறை எடுத்திருப்பீர்கள், நிறையப் பேர் மூன்றாம் வருடத்தில் அப்படித்தான் போகிறார்கள். ஒரு திரையில் கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்திய விதிமுறைப் புத்தகமான ஐஎஸ் 456-இன் பிடிஎஃப், இன்னொரு திரையில் மாடல் என்று வைத்து வேலை செய்து பாருங்கள், டிசைன் கற்றுக்கொள்வதே வேறு மாதிரி இருக்கும். பீமுக்கு எவ்வளவு கம்பி என்று மென்பொருள் சொல்வதை அந்த விதிமுறைப் புத்தகத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால் நீங்கள் நல்ல இன்ஜினியர் ஆவீர்கள். ஒரே 15 இன்ச் திரையில் மாற்றி மாற்றித் திறந்து பார்க்கிறவர்கள் சீக்கிரத்தில் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுகிறார்கள், மென்பொருள் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறார்கள். எனக்கு இந்த விஷயத்தில் மிகுந்த அக்கறை உண்டு, பிராசஸரைவிட இரண்டாவது திரைக்குத்தான் நான் காசு கொடுப்பேன். கழுத்துக்கும் அது நல்லது. லேப்டாப் திரையைக் குனிந்து பார்த்தே நான்கு வருடம் ஓட்டினால் இருபத்தைந்து வயதில் கழுத்து வலி வந்துவிடும்.

சரி, லேப்டாப்பில் எதைப் பார்க்க வேண்டும்?

ரேம்தான் முதல். 16 ஜிபி வேண்டும். ரெவிட்டுக்கு, அதைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் கம்பெனியே குறைந்தபட்சம் 16 ஜிபி என்றுதான் எழுதியிருக்கிறது. முன்பெல்லாம் "8 ஜிபி வாங்கிவிட்டு அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம்" என்று நானே எல்லோரிடமும் சொல்வது வழக்கம். ஆனால் 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போவதால் ரேம் விலை எகிறிவிட்டது, ஆகவே இப்போது முடிந்தால் 16 ஜிபியாகவே வாங்கிவிடுங்கள். பட்ஜெட் இடிக்கிறது, 8 ஜிபிதான் முடியும் என்றால், ஒரு காலி ஸ்லாட் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ரேமை போர்டிலேயே சால்டர் செய்துவிடுவார்கள், பிறகு ஆயுசுக்கும் அதுதான்.

பிராசஸரில் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 7520யு என்று ஒன்று உண்டு. 7000 வரிசை என்பதால் புதுசு போலத் தெரியும், ஆனால் அதன் உள்கட்டமைப்பு 2019-ல் வந்த ஜென் 2, ரேமும் சால்டர் செய்ததுதான் வரும். அந்த வரிசையில் மூன்றாவது எண்தான் உண்மையைச் சொல்லும்: 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. 7530யு எவ்வளவோ மேல். இன்டெலில் கடைசியில் எச் என்று முடிந்தால் வேகம், யு என்று முடிந்தால் பேட்டரி. ஐ5-13420எச் மாதிரி ஒன்று நல்ல விலையில் கிடைத்தால் உங்கள் வேலைக்கு அருமையாகப் பொருந்தும். ஐ7 வேண்டாம், அந்தக் காசை ரேமில் போடுங்கள்.

எஸ்எஸ்டி 512 ஜிபி. 256 ஜிபி என்றால் விண்டோஸ், ஆட்டோகேட், ரெவிட் மூன்றும் ஏறியதுமே மூச்சு முட்டும். திரை 15.6 இன்ச், 1920க்கு 1080, ஐபிஎஸ். நிறத் துல்லியம் உங்களுக்கு முக்கியமில்லை, அளவு முக்கியம். கீபோர்டில் வலது பக்கம் எண் பலகை தனியாக இருக்கட்டும், ஆட்டோகேடில் நாள் முழுக்க அளவுகளை அடித்துக்கொண்டே இருப்பீர்கள், மேல் வரிசை எண்களில் அடித்தால் விரல் ஒடிந்துவிடும். மவுஸ் ஒன்று கட்டாயம் வாங்குங்கள், சக்கரம் உள்ள சாதாரண வயர் மவுஸ் போதும். அந்தச் சக்கரத்தை உருட்டினால் ஜூம், அழுத்திப் பிடித்து இழுத்தால் பான், அதாவது வரைபடம் நகரும். டச்பேடில் ஆட்டோகேட் செய்ய முயன்றால் ஒரு வாரத்தில் வெறுத்துவிடும்.

மேக்புக் வேண்டாம். நல்ல இயந்திரம், பேட்டரி அற்புதம், ஆட்டோகேட் அதில் உண்டு. ஆனால் ரெவிட், ஸ்டாட் புரோ, ஈடாப்ஸ் மூன்றுமே விண்டோஸுக்கு மட்டும்தான். ஸ்னாப்டிராகன் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்புகளையும் சிவிலுக்குத் தவிர்த்துவிடுங்கள், நம் மென்பொருள்கள் இன்டெல், ஏஎம்டி சிப்புகளுக்காக எழுதப்பட்டவை. ஆல்-இன்-ஒன் கணினியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். டேப்லெட் நோட்ஸ் எழுத நன்றாக இருக்கும், கணினிக்கு மாற்று ஆகாது.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்காதீர்கள், திருட்டு நகலையும் ஏற்றாதீர்கள். ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்கு ஆட்டோகேட், ரெவிட் இரண்டையும் இலவசமாகவே தருகிறது. கல்லூரி அடையாளத்தைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும், ஒரு வருடம் செல்லும், படிக்கிறவரைக்கும் ஒவ்வொரு வருடமும் புதுப்பித்துக்கொள்ளலாம். சீனியர் பென்டிரைவில் தரும் கிராக் நகலில் என்ன கலந்திருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

பென்டிரைவ் என்றதும் இன்னொன்று. கல்லூரி லேப், ஜெராக்ஸ் கடை, இரண்டிலும் போட்டு எடுத்த பென்டிரைவை உங்கள் லேப்டாப்பில் அப்படியே சொருகாதீர்கள், ஷார்ட்கட் வைரஸ் இன்றைக்கும் அங்கிருந்துதான் பரவுகிறது. பிரின்ட் போட வேண்டியதை மெயிலில் அனுப்பிவிடுங்கள். புராஜெக்ட் ஃபைல்கள் எல்லாம் கூகுள் டிரைவிலோ ஒன் டிரைவிலோ தானாக ஏறும்படி முதல் நாளே அமைத்துவிடுங்கள். ரிவ்யூவுக்கு முந்தின இரவு லேப்டாப் போனாலும் நண்பனுடைய கணினியில் திறந்து காட்ட முடிய வேண்டும்.

வாங்குவதற்கு முன்னால் இன்னொரு விசாரணையும் செய்யுங்கள். தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக அறிவித்தது. உங்கள் கல்லூரியும் உங்கள் வருடமும் அதில் வருமா என்று அலுவலகத்தில் கேளுங்கள். வரும் என்றால் அவசரப்பட்டு வாங்க வேண்டாம். முதல் வருட வேலைக்கு அது போதும், 65,000-ஐயும் அப்படியே வைத்திருந்து மூன்றாம் வருடம் நல்லதாக வாங்கலாம்.

இதே கேள்வியை வீட்டிலிருந்து போய் வரும் ஒருவர் கேட்டிருந்தால் என் பதில் மாறியிருக்கும். தனக்கென்று ஒரு மேசை இருக்கிறது, கல்லூரி லேப் நன்றாக இருக்கிறது, தினமும் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் நெரிசலில் போய் வர வேண்டும் என்றால், மாமா சொல்வதுதான் சரி, டெஸ்க்டாப் வாங்கலாம். புதுசு வாங்க முடியாதவர்கள் அலுவலகங்களிலிருந்து கழித்துவிட்ட ரீஃபர்பிஷ்டு டெஸ்க்டாப்பைப் பார்க்கலாம், சென்னை ரிச்சி தெருவில் டெல் ஆப்டிபிளெக்ஸ், லெனோவோ திங்க்சென்டர் என்று வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். அதில் இரண்டு விஷயம் கவனம். ஒன்று, இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வாங்காதீர்கள், விண்டோஸ் 11 அவற்றை முறைப்படி ஏற்காது, விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இரண்டு, ஒல்லியான பெட்டியாக இருந்தால் பிற்பாடு பெரிய கிராபிக்ஸ் கார்டு போட முடியாது, அதன் எஸ்எம்பிஎஸ்ஸும் அந்தக் கம்பெனிக்கே உரிய வடிவில் இருக்கும், வெளியே எளிதில் கிடைக்காது. கரன்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டாம்: மானிட்டரோடு சேர்த்து 120 வாட், தினமும் ஆறு மணி நேரம் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 43 யூனிட்டுதான். லேப்டாப் என்றால் 15 யூனிட்டுக்குள் முடியும், வித்தியாசம் உண்டு, ஆனால் முடிவை மாற்றுகிற அளவுக்கு இல்லை.

கடைசியாக, வாங்கும் அன்று. ஆன்லைனோ கடையோ, லேப்டாப்பின் சீரியல் எண் போட்ட ஜிஎஸ்டி பில் வாங்குங்கள், அதை ஃபோட்டோ எடுத்து டிரைவில் போடுங்கள். கோயம்புத்தூரில் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது என்று வாங்குவதற்கு முன்பே தேடிப் பாருங்கள், நான்கு வருடமும் அந்த ஊரில்தானே இருக்கப் போகிறீர்கள். கூடுதல் வாரன்டிக்குக் காசு கேட்டால், கீழே விழுவதற்கும் தண்ணீர் கொட்டுவதற்கும் சேர்த்துத் தரும் திட்டமாக இருந்தால் மட்டும் எடுங்கள், விடுதியில் லேப்டாப் சாவது பெரும்பாலும் இந்த இரண்டால்தான். பெட்டியைத் திறந்ததும் திரையில் புள்ளி ஏதாவது செத்திருக்கிறதா, எல்லாக் கீயும் வேலை செய்கிறதா, சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறதா என்று முதல் இரண்டு நாளிலேயே பார்த்துவிடுங்கள், மாற்றித் தரும் காலக்கெடு சின்னது. சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி செட்டிங்ஸில் இருந்தால் போட்டுவிடுங்கள், எப்போதும் பிளக்கிலேயே கிடக்கும் விடுதி லேப்டாப்புகளுக்கு பேட்டரி ஆயுளை அது நன்றாக நீட்டும்.

இரண்டு மூன்று மாடல்களைப் பிடித்து வைத்திருந்தால் முழு மாடல் எண்ணோடு எழுதுங்கள். "ஐ5, 16 ஜிபி" என்று மட்டும் எழுதினால் எனக்கு எதுவும் தெரியாது, பிராசஸரின் கடைசி எழுத்து வரைக்கும் வேண்டும்.